ஈத்து சிறுத்தால் ஆண் பன்றியைப் பாருங்கள்: குரோமோசோம் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பண்ணையில் ஈத்துக்கு ஐந்தும் ஆறுமாகக் குட்டி விழத் தொடங்கினால் முதலில் இறைச்சிக்குப் போவது தாய்ப்பன்றிதான். ஆண் பன்றி வாட்டசாட்டமாக நிற்கும், நன்றாக ஏறும், விந்தும் குறையில்லாமல் இருக்கும். அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே ஆணோடு சேர்ந்த நல்ல தாய்ப்பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிக்கப்பட்டதைச் சில பண்ணைகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அந்தத் தவறைத் தவிர்க்கத்தான் இந்த வழிகாட்டி. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பணமும் மாதங்களும் வீணாகும்.

1. கோளாறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

செல்லுக்குள் மரபுச் சரக்கைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். வீட்டுப் பன்றிக்கு 38 குரோமோசோம், அதாவது 19 ஜோடி. ஈத்தைச் சிறுக்க வைக்கும் குரோமோசோம் கோளாறுகளில் பன்றியில் அதிகம் காணப்படுவது ரெசிப்ரோகல் டிரான்ஸ்லொகேஷன். வேறு வேறு ஜோடியைச் சேர்ந்த இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, நுனித் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதுதான் அது. பன்றியின் உடம்பில் மரபுச் சரக்கு எதுவும் குறையவில்லை, கூடவும் இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அதனால் பன்றி முழு ஆரோக்கியமாக வளரும்.

சிக்கல் விந்தணு உருவாகும்போது வருகிறது. இரண்டு பாக அகராதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பைண்டிங் செய்தவர் முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களை இரண்டாம் பாகத்திலும், இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களை முதல் பாகத்திலும் சேர்த்துத் தைத்துவிட்டார். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு எந்தச் சொல்லும் விட்டுப்போகாது. தவறாகத் தைத்த ஒரு பாகத்தையும் சரியான பிரதியில் இன்னொரு பாகத்தையும் ஒருவருக்குக் கொடுத்தால், அவரிடம் சில பக்கங்கள் இரட்டையாக இருக்கும், சில பக்கங்கள் இருக்கவே இருக்காது. இந்த ஆணின் விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் பிரிந்து போகின்றன. அவையும் நீந்தும், கருமுட்டையோடு சேரும். ஆனால் அப்படி உருவான கரு பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அழிந்து கரைந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, ஈத்து சிறுக்கும்; எந்தக் குரோமோசோம்கள், எந்த இடத்தில் உடைந்தன என்பதைப் பொறுத்து அளவு மாறினாலும், கால் பங்கிலிருந்து பாதி வரை குறைவது சாதாரணம். இரண்டு, உயிரோடு பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி அதே கோளாறைச் சுமந்துகொண்டு, பார்க்க அழகாக வளரும். கோளாறு பண்ணைக்குள் பரவுவது இந்தக் குட்டிகள் வழியாகத்தான்.

2. பதிவேட்டைச் சரி செய்யுங்கள்

பதிவேடு இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. ஒவ்வோர் இணைசேர்க்கைக்கும் வேண்டியவை: தாயின் எண், ஆணின் எண், சேர்த்த தேதி, எத்தனை முறை சேர்த்தீர்கள், பருவம் திரும்பி வந்ததா, வந்தால் எத்தனையாம் நாள், ஈன்ற தேதி, எத்தனையாவது ஈத்து. குட்டிக் கணக்கை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: உயிரோடு பிறந்தவை, செத்துப் பிறந்தவை, காய்ந்து கருத்துப் பிறந்தவை.

பலர் எழுதுவது பால் மறக்கடித்தபோது எஞ்சிய எண்ணிக்கையை. அது இதற்கு உதவாது. தாய் மேலே படுத்து நசுங்கிய குட்டி, வயிற்றுப்போக்கில் போன குட்டி எல்லாம் அதில் கலந்துவிடும். நமக்கு வேண்டியது பிறந்த மொத்தம். ஈன்ற இரவே கணக்கெடுத்துவிடுங்கள். விடிவதற்குள் செத்த குட்டியைத் தாயே தின்றுவிடுவதுண்டு.

ஒரு தாய்க்கு ஒரே பருவத்தில் இரண்டு ஆண்களை மாற்றிச் சேர்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்த ஈத்தை யார் கணக்கில் எழுதுவது?

3. ஆண் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். பதிவேடு வழக்கமாகத் தாய் வாரியாக இருக்கும். அதனால் கண்ணுக்குத் தாய்தான் குற்றவாளியாகத் தெரியும். ஒரு தாளை எடுத்து ஆண் வாரியாக மாற்றி எழுதுங்கள்.

ஒரு பண்ணையில் நாங்கள் உட்கார்ந்து எழுதிய தாள் இப்படி இருந்தது. சந்தேகப்பட்ட ஆண், ஏழு வெவ்வேறு தாய்களில் கொடுத்த ஈத்துகள்: 5, 6, 4, 7, 6, 5, 6. சராசரி 5.6. அதே ஏழு தாய்கள் மற்ற ஆண்களோடு சேர்ந்தபோது: 10, 11, 9, 10, 12, 9, 10. சராசரி 10.1. தாய்கள் அதே தாய்கள், கொட்டகையும் தீவனமும் அதேதான், ஆண் மட்டும் வேறு. அந்தத் தாளைப் பார்த்ததும் பண்ணைக்காரர் வெகுநேரம் பேசவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டு தாய்களைக் கழித்திருந்தார்.

தாள் எழுதும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்றிரண்டு ஈத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். எந்தக் கோளாறும் இல்லாத பன்றியிலேயே ஈத்துக்கு ஈத்து இரண்டு மூன்று குட்டி கூடும், குறையும். ஏழெட்டுத் தாய்களில் ஏழெட்டு ஈத்தும் தொடர்ந்து குறைவாக இருந்தால் அது தற்செயல் அல்ல.

முதல் ஈத்தை முதல் ஈத்தோடு ஒப்பிடுங்கள். இளம் பெண் பன்றியின் முதல் ஈத்து இயல்பாகவே சிறியது. புது ஆணை வாங்கி, அதே நேரத்தில் வளர்ந்த இளம் பெண்களுக்கு மட்டும் சேர்த்துவிட்டு, ஆணைக் குறை சொல்வது நியாயமில்லை.

பருவம் திரும்பிய நாளையும் பாருங்கள். பன்றியின் பருவச் சுழற்சி 21 நாள். 18 முதல் 24 வரை இயல்பு. சினை பிடிக்கவே இல்லையென்றால் இந்த நாட்களில் திரும்பும். கருக்கள் 11, 12ஆம் நாள் வாக்கில் ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மூலம் தாய்க்குத் தெரிவிக்கின்றன. அந்த நேரத்தில் குறைந்தது நான்கு கருக்களாவது இருந்தால்தான் சினை நிலைக்கும். அந்தத் தகவல் போய்ச் சேர்ந்த பிறகு கருக்கள் அழிந்தால் பருவம் தள்ளி, 25 நாளுக்கு மேல் திரும்பும். மேலே சொன்ன ஆணோடு சேர்ந்து சினை நிற்காத மூன்று தாய்களில் இரண்டு 27, 29ஆம் நாள் திரும்பியிருந்தன. சிறிய ஈத்தும் தள்ளித் திரும்பும் பருவமும் ஒரே ஆணிடம் சேர்ந்து தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது.

தாள் வேறு விதமாக வந்தால்? எந்த ஆணோடு சேர்ந்தாலும் ஒரே ஒரு தாய்க்கு மட்டும் ஈத்து சிறுத்தால், கோளாறு அந்தத் தாயிடமே இருக்கலாம். பெண்ணும் இதைச் சுமக்கும். எல்லா ஆண்களுக்கும் எல்லாத் தாய்களுக்கும் குறைந்திருந்தால் அது நோய், தீவனம், வெயில் அல்லது மேலாண்மை. அங்கே குரோமோசோமைத் தேடிப் பயனில்லை.

4. மற்ற காரணங்களைக் கழித்துவிடுங்கள்

குரோமோசோம் சோதனைக்கு நாளும் உழைப்பும் பிடிக்கும். எளிதில் பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்த்துவிடுவதே முறை.

வெயில். ஆண் பன்றியின் உடம்பில் ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய 50 நாள் ஆகிறது. கத்திரி வெயிலில் வாடிய ஆணின் விந்து அதற்குப் பிறகும் சில வாரங்கள் கெட்டே இருக்கும். மே நடுவிலிருந்து ஜூலை நடு வரை சேர்த்த தாய்கள் 114 நாள் கழித்து, செப்டம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஈனும். அந்த ஈத்துகள் மட்டும் சிறுத்து மற்ற மாதங்களில் நன்றாக இருந்தால் அது வெயிலின் வேலை. குரோமோசோம் கோளாறு மாதம் பார்க்காது. வருடம் முழுக்கக் குறையும்.

சேர்க்கும் நேரம். பருவம் இரண்டு மூன்று நாள் இருக்கும், முட்டை வெளிவருவது அதன் பிற்பகுதியில். முதல் நாளே ஒரு முறை சேர்த்துவிட்டு விட்டால் எந்த ஆணுக்கும் ஈத்து சிறுக்கும். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

தொற்று நோய்கள். பார்வோவைரஸ், பன்றிக் காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ் எல்லாம் ஈத்தைக் கெடுக்கும். காய்ந்து கருத்த குட்டிகள் வெவ்வேறு அளவில் வந்தால் தொற்றை நினையுங்கள். ஏறக்குறைய 35ஆம் நாளுக்குப் பிறகுதான் கருவின் எலும்பு இறுகத் தொடங்கும். அதற்கு முன் இறந்த கரு தடம் இல்லாமல் கரைந்துவிடும், பின்னர் இறந்தது காய்ந்து நிற்கும். குரோமோசோம் கோளாறில் கரு சீக்கிரமே போவதால், காய்ந்த குட்டி இல்லாமல் எண்ணிக்கை மட்டும் குறையும். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, புதியவர்கள் பலர் இதில் விழுகிறார்கள். பார்வோவைரஸ் ஆரம்பத்திலேயே தொற்றினாலும் கரு கரைந்துவிடும், காய்ந்த குட்டி வராது. ஆகவே காய்ந்த குட்டி இல்லை என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நோய் ஓர் ஆணைத் தேர்ந்தெடுத்துத் தாக்காது. மூன்றாம் படியின் தாளோடு சேர்த்துப் படியுங்கள்.

தீவனம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் சியரலினோன் என்ற நச்சு இருக்கலாம். அது பெண் பன்றியின் பருவத்தைக் குழப்பும். பருவம் வராத இளம் பெண் பன்றியின் பிறப்புறுப்பு வீங்கிச் சிவந்திருந்தால் மூட்டையைத் திறந்து பாருங்கள்.

நெருங்கிய உறவில் இணைசேர்த்தல். சிறு பண்ணைகளில் ஒரே ஆணை மூன்று நான்கு வருடம் வைத்து அதன் மகள்களுக்கே சேர்த்துவிடுகிறார்கள். அதனாலும் ஈத்து சிறுக்கும். அந்த ஆணை உறவில்லாத தாய்களோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

5. விந்தைச் சோதியுங்கள்

அளவு, அடர்த்தி, அசைவு, வடிவம் நான்கையும் பாருங்கள். இங்கே மோசமாக இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது, பெரும்பாலும் வெயில், காய்ச்சல் அல்லது விதைப் பாதிப்பு.

நன்றாக இருந்தால் ஆண் குற்றமற்றது என்று எழுதிவிடக் கூடாது. நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். நுண்ணோக்கியில் துள்ளி ஓடும் விந்தணுவுக்குள் துண்டு மாறியிருப்பது தெரியவே தெரியாது. சொல்லப்போனால், நல்ல விந்தும் சிறிய ஈத்தும் சேர்ந்து இருப்பதுதான் குரோமோசோம் சோதனைக்கு அனுப்ப வலுவான காரணம்.

விந்தில் அணுவே இல்லை, விதை சிறுத்திருக்கிறது என்றால் வேறு வகைக் கோளாறு இருக்கலாம். ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகி மொத்தம் 39 கொண்ட எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்கள் அப்படித்தான் இருக்கும். அவற்றுக்குக் குட்டியே பிறக்காது, அதனால் பரவவும் வழியில்லை.

6. ரத்தம் எடுக்கும் முன் ஆய்வகத்தோடு பேசுங்கள்

எல்லா ஆய்வகமும் இதைச் செய்வதில்லை. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மரபியல் துறையில் முதலில் விசாரியுங்கள். மூன்று கேள்வி போதும். பன்றி ரத்தம் எடுத்துக்கொள்வீர்களா? ஜி-பட்டைச் சாயம் (குரோமோசோமில் பட்டை பட்டையாக விழும் சாயம்) போட்டுப் பார்ப்பீர்களா? எந்தக் கிழமை வந்து சேர வேண்டும்?

கிழமையைக் கேட்பதற்குக் காரணம், ஆய்வகத்தில் செல்களை 72 மணி நேரம் வளர்த்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்த குழாய் திங்கள் வரை கிடந்தால் செல்கள் சோர்ந்துவிடும். ஞாயிறு இரவு எடுத்து திங்கள் காலை சேர்ப்பது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

முடிவு வரும் வரை அந்த ஆணை இணைசேர்க்க வேண்டாம். கழிக்கவும் வேண்டாம். சோதனை கெட்டுப்போனால் மறுபடி ரத்தம் வேண்டியிருக்கும்.

7. ரத்தம் எடுப்பது

இது கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் செய்ய வேண்டியது ஏற்பாடு.

பச்சை மூடி போட்ட, ரத்தம் கட்டாமல் தடுக்கும் சோடியம் ஹெப்பாரின் குழாய் இரண்டு வாங்கி வையுங்கள். ஊதா மூடி இடிடிஏ குழாய் வேண்டாம். இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதில் எடுத்த ரத்தத்தில் செல் வளர்ப்பு சரியாக வராது. சாதா ரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடிதான் வழக்கம் என்பதால் உதவியாளர்கள் கை தானாக அதற்கே போகிறது. அப்படி வந்த எத்தனையோ மாதிரிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

மேல்தாடையில் சுருக்குக் கயிறு போட்டால் பன்றி பின்னுக்கு இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கழுத்தின் வலப்பக்கம் எடுப்பதே நல்லது. இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் போகும் நரம்புகள் காயப்படும் ஆபத்து அந்தப் பக்கம் குறைவு. சேற்றைக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் போட்டு, அது காய்ந்த பிறகு ஊசி போட வேண்டும். இந்த ரத்தத்தை மூன்று நாள் வளர்க்கப் போகிறோம். ஒரு துளி அழுக்கு சேர்ந்தால் செல்லுக்குப் பதில் பாக்டீரியாதான் வளரும்.

5 முதல் 10 மில்லி போதும். எடுத்ததும் குழாயை மெதுவாக எட்டு பத்து முறை தலைகீழாகத் திருப்புங்கள், குலுக்க வேண்டாம். பன்றியின் காது எண்ணைக் குழாயின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடி மாறிவிடும். அப்புறம், பனிக்கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த ரத்தத்தில் உயிருள்ள செல் இருக்காது. குளிர்ப்பைக்கும் குழாய்க்கும் நடுவே துணி சுற்றி, 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

காய்ச்சலில் இருக்கும் பன்றியிடம் எடுக்க வேண்டாம். குணமாகட்டும்.

8. ஆய்வகத்தில் நடப்பது

தெரிந்து வைத்தால் தாமதத்தின் காரணம் புரியும். ரத்தத்தின் வெள்ளணுக்களைத் தூண்டிப் பிரிய வைக்கிறார்கள். பிரியும் நேரத்தில் கோல்சிசின் என்ற மருந்தைக் கொண்டு நிறுத்துகிறார்கள், ஏனெனில் குரோமோசோம் தனித்தனியாகத் தெரிவது அப்போதுதான். நீர்த்த உப்புக் கரைசலில் செல்லை உப்ப வைத்து, மெத்தனால் மூன்று பங்கும் அசெட்டிக் அமிலம் ஒரு பங்கும் சேர்ந்த கலவையில் நிலைப்படுத்தி, கண்ணாடியில் சொட்டுவிடுகிறார்கள். பிறகு டிரிப்சினும் ஜீம்சா சாயமும். ஒவ்வொரு குரோமோசோமிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் விழுகின்றன. அவற்றை ஜோடி ஜோடியாக அடுக்கி ஒப்பிடுகிறார்கள்.

9. அறிக்கையைப் படிப்பது

‘38, எக்ஸ்ஒய்’ என்று பார்த்ததும் பெருமூச்சு விடாதீர்கள். துண்டு மாறிய பன்றிக்கும் எண்ணிக்கை 38தான்! பட்டை போடாமல் எண்ணி மட்டும் பார்த்த அறிக்கை இந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல. ‘ஜி-பட்டை பார்க்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறதா, எத்தனை செல்கள் பார்த்தார்கள் என்று தேடுங்கள்.

கோளாறு இருந்தால் எந்த இரண்டு குரோமோசோம் என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். 1964ல் ஸ்வீடனில் முதன்முதலாகப் பதிவான ஆணில் அவை 11ம் 15ம். இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் இருக்கும் சிறு குறியீடு உடைந்த இடத்தைச் சொல்கிறது. அதைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள், குட்டிகளைச் சோதிக்கும்போது ஆய்வகத்துக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

எண்ணிக்கை 37 என்று வந்தால் இரண்டு குரோமோசோம் ஒட்டி ஒன்றாகியிருக்கலாம். மேற்கு ஐரோப்பியக் காட்டுப்பன்றிக்கு அப்படி ஒட்டியே 36தான்; அதன் கலப்பில் 37 வருவது உண்டு.

பட்டையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தாளில் கணக்கு அப்பட்டமாக இருக்கிறது என்றால்? மிகச் சிறிய துண்டு மாற்றம் பட்டையில் பிடிபடாது. குரோமோசோம் நுனிகளில் ஒளிரும் குறி வைத்துப் பார்க்கும் ஃபிஷ் முறையில் அதைப் பிடிக்கலாம். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பன்றிக்கென்றே இதை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த வசதி கிடைக்காவிட்டால் கணக்கை நம்பி ஆணைக் கழித்துவிடுங்கள். பண்ணைக்கு நட்டம் தருவது சிறிய ஈத்து. அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

10. முடிவெடுங்கள்

கோளாறு உறுதியானால் அந்த ஆணை இனவிருத்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். மருந்தோ சத்துணவோ இதை மாற்றாது. எத்தனை நல்ல இனமாக இருந்தாலும் இதில் தயங்க வேண்டாம். இறைச்சிக்கு விற்பதில் எந்தத் தடையும் இல்லை, அதன் குட்டிகளை வளர்த்து விற்பதிலும் இல்லை.

ஆணின் பங்கு பெரிது என்பதை மறக்காதீர்கள். தாயில் கோளாறு இருந்தால் அதன் ஈத்து மட்டும் சிறுக்கும். ஆண் ஒன்று பத்துப் பதினைந்து தாய்களின் ஈத்தைச் சிறுக்க வைக்கும். செயற்கைக் கருவூட்டலில், ஒரு முறை எடுத்த விந்தே 15, 20 டோஸாகப் பல பண்ணைகளுக்குப் போகிறது.

11. பிள்ளைகளைத் தேடுங்கள்

பெரும்பாலோர் ஆணைக் கழித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இனவிருத்திக்காக நிறுத்திய அதன் மகன்கள், மகள்கள் எல்லாரையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. சோதிக்க முடிந்தால் சோதியுங்கள், முடியாவிட்டால் கொழுக்க வைத்து விற்றுவிடுங்கள். வெளியே விற்ற இளம் பன்றிகள் இருந்தால் வாங்கியவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சோதனையில் கோளாறு இல்லை என்று தேறிய மகன் முழுக்கச் சுத்தம். ‘ரத்தத்தில் இருக்குமோ’ என்று அதை ஒதுக்க வேண்டாம். துண்டு மாறாத குட்டியின் சந்ததியில் இந்தக் கோளாறு மறுபடி முளைக்காது. நல்ல இனத்தைக் காப்பாற்ற இது ஒரு வழி.

ஆணின் தாய் தகப்பன் இருந்தால் அவற்றையும் பாருங்கள். பல கோளாறுகள் அந்த ஆணிலேயே புதிதாகத் தோன்றியவை. பெற்றோர் சுத்தமாக இருந்தால் உடன்பிறந்தவற்றை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

12. புது ஆணை வாங்கும் முன்

குரோமோசோம் வயதோடு மாறாது. ஆகவே பால் மறந்த குட்டியிடமே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். ஏழெட்டு ஈத்து வரும் வரை, ஒரு வருடத்துக்கு மேல், காத்திருக்க வேண்டியதில்லை. பிரான்சில் செயற்கைக் கருவூட்டல் நிலையத்துக்குப் போகும் இளம் ஆண்களைத் துலூஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி இப்படித்தான் முன்கூட்டியே சோதிக்கிறது. அங்கே பார்த்ததில், எந்தக் குறையும் தெரியாத இளம் ஆண்களில் ஏறக்குறைய 200க்கு ஒன்று கோளாறோடு இருந்தது. நம் நாட்டிலும் விந்து நிலையக் காளைகளுக்குக் குரோமோசோம் சோதனை விதிமுறையில் இருக்கிறது.

இரண்டு தாய் வைத்திருப்பவர் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை, மூன்றாம் படியின் தாளே போதும். விந்து விற்பவரும் இனவிருத்திக்குக் குட்டி விற்பவரும் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். சோதித்த ஆணின் அறிக்கையை நகலெடுத்து, அதன் காது எண்ணோடு பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். குட்டி வாங்க வருபவர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.